அகர வரிசையில் கேட்ட ஆல்பம்

வணக்கம் மக்களே. மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஓர் ஆல்பம்தான். கேப்டன் பியாண்ட் என்ற இசைக்குழு 1972-இல் வெளியிட்ட முதல் ஆல்பம். அதன் பெயரும் கேப்டன் பியாண்ட்தான்.

எனக்கு அப்போது 15 வயது. "டீப் பர்ப்பிள், டீப் பர்ப்பிள் என்று உயிரை எடுக்கிறாயே, அவர்களுடைய முதல் பாடகர் அப்புறம் என்ன செய்தார் தெரியுமா?" என்று கேட்டு, அக்கா ஒரு பென் டிரைவைக் கையில் திணித்தாள். அந்தப் பாடகர் ராட் எவன்ஸ். டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களில் பாடியவர். 1969-இல் அவர் இடத்துக்கு இயன் கில்லன் வந்துவிட்டார். கேப்டன் பியாண்டில் எவன்ஸுடன், அயர்ன் பட்டர்ஃப்ளை என்ற குழுவில் இருந்த லாரி ரைன்ஹார்ட் கிதார், லீ டோர்மன் பேஸ். டிரம்ஸ் பாபி கால்டுவெல். இதே பெயரில் குழைவாகக் காதல் பாட்டுப் பாடிய இன்னொருவர் இருந்தார். நான் தேடிப்போய் அவரிடம் மாட்டிக்கொண்டு, இந்த மனிதரா அப்படி அடித்தார் என்று ஒரு வாரம் குழம்பியது தனிக்கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா தந்த 13 ஃபைல்களிலும் வரிசை எண் இல்லை. என் பிளேயர் எல்லாவற்றையும் ஆங்கில அகர வரிசையில் அடுக்கிவிட்டது. அதனால் எனக்கு முதல் பாட்டு 'ஆர்ம்வொர்த்'. இரண்டு நிமிடம்கூட இல்லை, பாதியில் ஏறி பாதியில் இறங்குவது போல இருக்கும். 'ஆஸ் த மூன் ஸ்பீக்ஸ்' இரண்டு துண்டு. அதில் 'திரும்புதல்' என்று பெயர் போட்ட துண்டு முன்னால் வரும். ஆள் புறப்படவே இல்லை, அதற்குள் திரும்பிவிட்டார்! 'இன்ட்ரோ' என்று எழுதியிருந்த பாட்டு 12-ஆவது. நானோ, புரோக்ரசிவ் ராக் என்ற சிக்கலான ராக் வகை என்றால் இப்படித்தான் புரியாமல் இருக்கும்போல என்று மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம்!

பிறகு ஒருநாள் பழைய எல்பி இசைத்தட்டு உறையின் பின்பக்கப் படம் கண்ணில் பட்டது. அந்த வரிசையில் அடுக்கிக் கேட்டேன். 'டான்சிங் மேட்லி பேக்வர்ட்ஸ்' டிரம்ஸோடு தொடங்குகிறது. அதன் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டை, ஐந்தைந்தாக எண்ண வேண்டும். நாலு என்று தலையாட்டினால் சுற்றுக்கு ஓரடி தள்ளிப்போவீர்கள். அது ஓயும் முன்பே, மூச்சுவிட இடமில்லாமல், என்னுடைய ஆர்ம்வொர்த் உள்ளே வந்தது. அட, இது பாதியில் ஏறவே இல்லையே! கடைசி ஐந்து பாட்டுகளும் அப்படித்தான். 'ஐ கான்ட் ஃபீல் நத்திங்' முதல் பாகம் தொடங்கி வைக்கும், நடுவில் அந்த 'மூன்' பாட்டின் நிலா வந்து போகும், இரண்டாம் பாகம் வந்து கதவைச் சாத்தும். என் பிளேயர் அந்த இரண்டு பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தது.

மொத்தமே சுமார் 35 நிமிடம். வெளியிட்டது கேப்ரிகார்ன் நிறுவனம், ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் இடம், அமெரிக்கத் தென்மாநில ராக்கின் வீடு. ஆல்பத்தைக்கூட 1971-இல் இறந்த அந்தக் குழுவின் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மனுக்குத்தான் அர்ப்பணித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு வந்து போகிற ரசிகர்களிடம் விண்வெளி, ஐந்தடித் தாளம் என்று நீட்டினால் யார் வாங்குவார்கள்? கவனம் பெறாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அக்காவுக்குப் போன் செய்து சரியான வரிசையை அனுப்பினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆர்ம்வொர்த்தை ஏன்டா ரெண்டாவதா வெச்சிருக்காங்க?"