மார்சியானோவை இன்றைய மேடையில் ஏற்றினால்

நண்பர்களே, வணக்கம்.

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் போதும், கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: அந்தக் காலத்துச் சாம்பியன் இந்தக் காலத்தில் தாக்குப்பிடிப்பாரா? ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்வோம், குரல் உயரும், யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைக்காமலே கலைந்து போவோம். இன்று நான் ஒரே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராக்கி மார்சியானோ. 1952 முதல் 1956 வரை உலக ஹெவிவெயிட், அதாவது மிக அதிக எடைப் பிரிவின், சாம்பியன். 49 சண்டைகள், 49 வெற்றிகள், அதில் 43 நாக் அவுட், அதாவது எதிராளியைத் தொடர முடியாதபடி வீழ்த்தியவை.

இந்தக் கற்பனையைக் கணினியிடம் ஒப்படைத்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் மயாமியைச் சேர்ந்த மரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், பழைய சாம்பியன்களைக் கணினி வழியாக மோதவிட்டு நிகழ்ச்சி நடத்தினார். அதில் முகமது அலி, ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி சும்மா இருப்பாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசமாகி, 1969இல் அலியும் மார்சியானோவும் கேமரா முன்னால் மோதினார்கள். ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிபோய், மேடையேற அனுமதியில்லாமல் இருந்தார் அலி. மார்சியானோவுக்கு வயது 45, ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம். இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்து நின்றார். போலி ரத்தம் பூசி, எந்த முடிவு வந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று பல முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள். சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் மார்சியானோ இறந்துபோனார். 1970 ஜனவரியில் படம் வெளியானபோது, பதின்மூன்றாவது சுற்றில் அலி கீழே விழுந்து கிடந்தார்.

கணினி சொன்னது சரியா? என் கருத்து, அந்தக் கணினி எதையும் சொல்லவில்லை. குத்துச்சண்டையை அறிந்தவர்களிடம் ஒவ்வொரு வீரரைப் பற்றியும் கேட்டு, அவர்கள் போட்ட மதிப்பெண்களை உள்ளே கொட்டினார்கள். நாம் டீ குடித்துக்கொண்டே செய்யும் வாதத்தை அது கொஞ்சம் ஆடம்பரமாகச் செய்தது, அவ்வளவுதான். ஆனால் பதின்மூன்றாவது சுற்று என்ற அந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு எதிரே மார்சியானோ. முதல் சுற்றிலேயே வால்காட்டின் இடது ஹூக், பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து, மார்சியானோவைக் கீழே தள்ளியது. அதற்கு முன் எந்தச் சண்டையிலும் அவர் விழுந்ததில்லை. நடுச்சுற்றுகளில் கண்ணில் ஏதோ பட்டுப் பார்வை மங்கி, குத்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது புள்ளி போடும் மூன்று அதிகாரிகளின் கணக்கிலும் வால்காட்தான் முன்னால். பதின்மூன்றாவது சுற்று தொடங்கி 43 நொடிதான். வால்காட் கயிற்றோரம் நகர்ந்தார். இருவருமே வலது கையை ஓங்கினார்கள். மார்சியானோவின் குத்து, ஒரு சாண் தூரம்கூடப் பயணம் செய்திருக்காது, முதலில் போய்த் தாடையில் இறங்கியது. வால்காட்டின் இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் மெதுவாகச் சரிந்து மண்டியிட்டது. பட்டம் கைமாறியது.

இன்றைய உலகப் பட்டச் சண்டைக்குப் பன்னிரண்டு சுற்றுதான். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ மேடையில் அடிபட்டு இறந்த பிறகு, அதுவரை இருந்த பதினைந்து சுற்று படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆக, மார்சியானோவை இன்றைக்குக் கொண்டுவருகிறோம் என்றால், அவருடைய ஆயுதத்தில் பாதியை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறோம். மற்றவன் மூச்சு வாங்கும் நேரத்தில் இவருக்குச் சண்டை அப்போதுதான் சூடு பிடிக்கும். தோள், முழங்கை, விலா என்று எது கிடைத்தாலும் குத்தி, எதிராளியால் கை தூக்க முடியாமல் செய்வது அவர் பாணி. அதற்கு நேரம் வேண்டும்.

அப்புறம் காயம். 1954இல் முன்னாள் சாம்பியன் எஸர்ட் சார்ல்ஸுடனான இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்து ரத்தம் கொட்டியது. எட்டாவது சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தித்தான் தப்பித்தார். இன்றைய மேடையோர மருத்துவர் அந்த மூக்கைப் பார்த்தால் அடுத்த சுற்றுக்கே விட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

சரி, உருவத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். மார்சியானோ 5 அடி பத்தரை அங்குலம், சுமார் 84 கிலோ. இந்தக் காலத்து ஹெவிவெயிட் வீரர் டைசன் ஃபியூரி 6 அடி 9 அங்குலம், 2024 மே மாதம் உக்ரேனிய வீரர் உசிக்குடன் மோதியபோது சுமார் 119 கிலோ. வித்தியாசம் 35 கிலோ! 'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஃபியூரி குத்தவே வேண்டாம், கட்டிப்பிடித்து மேலே சாய்ந்தாலே போதும், நாலு சுற்றில் கால் தளர்ந்துவிடும்.

குள்ளமானவர்களால் முடியாதா என்றால், மைக் டைசனும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் டைசனுக்கு நூறு கிலோ உடம்பும், அந்த உடம்புக்குப் பொருந்தாத வேகமும் இருந்தன. மார்சியானோவுக்குப் பத்து கிலோ தசை ஏற்றினால் அவருடைய மூச்சு போய்விடும். மூச்சு போனால் அவர் மார்சியானோவே இல்லை.

எனவே என் தீர்ப்பு இது. இன்று பிறந்திருந்தால் அவரை யாரும் ஹெவிவெயிட்டில் இறக்கியிருக்க மாட்டார்கள். ஹெவிவெயிட்டுக்குக் கீழே, 1979 வாக்கில் உருவான குரூசர்வெயிட் என்ற பிரிவு இருக்கிறது, இன்றைய எல்லை சுமார் 90 கிலோ. அங்கே அவர் பட்டம் வென்றிருப்பார், வெகு நாள் வைத்தும் இருந்திருப்பார். ஹெவிவெயிட் சாம்பியன்களான ஹோலிஃபீல்டும் உசிக்கும் அங்கிருந்துதான் மேலே போனார்கள் என்பீர்கள். உண்மை. ஆனால் இருவரும் உயரமானவர்கள், எடை ஏற்ற உடம்பில் இடம் இருந்தது.

ஃபியூரியை 1952க்கு அனுப்பினால்? பதினைந்து சுற்று, இன்றையதைவிட லேசான கையுறை. பத்தாவது சுற்றுவரை மார்சியானோ தேறுவது கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் என் காசை மார்சியானோ மேல் வைப்பேன். அந்த ஐந்து சுற்றும் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இன்றைய விதி அன்றே இருந்திருந்தால், பன்னிரண்டு சுற்றுதான் என்று தெரிந்து மார்சியானோ முன்கூட்டியே வேகம் பிடித்திருக்கலாம். இல்லாவிட்டால் அன்றிரவு வால்காட் புள்ளிகளில் ஜெயித்து, பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். மார்சியானோ மறுசண்டை கேட்டிருப்பார். அந்த மறுசண்டை உண்மையிலேயே 1953 மே மாதம் சிகாகோவில் நடந்தது, முதல் சுற்றிலேயே வால்காட் முடிந்தார். ஆக, பட்டம் எட்டு மாதம் தாமதமாக வந்திருக்கும். சாதனைப் பட்டியலில் 48 வெற்றி, ஒரு தோல்வி என்று இருந்திருக்கும்.