ரத்தம் பார்த்தா தலை சுத்துது, கணக்கும் வரலை: நர்சிங் எனக்குச் சரிப்பட்டு வருமா?

வணக்கம். இன்னிக்கு ரெண்டு பேரோட கேள்வியைச் சேர்த்துப் பார்த்துடலாம், ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருது. ஒரு தங்கச்சி நர்சிங் சேரலாம்னு இருக்காங்க. "ரத்தம் பார்த்தா தலை சுத்துது, கணக்குல எப்பவும் வீக், நான் சேரலாமா?"ன்னு கேக்கறாங்க. இன்னொருத்தர் முதல் வருஷம் படிக்கிறார். "வார்டுல பிபி பார்க்கச் சொன்னா காதுல ஒண்ணுமே கேக்கலை, பக்கத்துல நிக்கிறவங்களுக்கெல்லாம் கேக்குது, நான் விட்டுடலாமான்னு தோணுது"ங்கறார்.

முதல்லயே சொல்லிடறேன். மயக்கம், கணக்கு, பிபி மூணுமே பழகினா வந்துடும். நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு. சத்தம் கேக்கலைன்னாலும் பக்கத்து படுக்கைக்காரரோட எண்ணைப் பார்த்து 120-80-ன்னு எழுதிட்டு வர்ற பழக்கம் இருக்கே, அது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மயக்கத்தை எடுத்துக்குவோம். சாதாரணமா பயம் வந்தா பிபி ஏறும். ரத்தம், ஊசி பார்த்து வர்ற பயத்துல மட்டும் லேசா ஏறிட்டு சட்டுன்னு இறங்கும், பல்ஸும் குறையும். மூளைக்குப் போற ரத்தம் ஒரு நிமிஷம் குறையறதால கண்ணு இருட்டுது. உடம்போட ஒரு அனிச்சைச் செயல் அது. உங்க தைரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. இதுக்குன்னே ஒரு பயிற்சி இருக்கு. உட்கார்ந்துக்கிட்டு கை, கால், வயிறு மூணையும் சேர்த்து இறுக்கிப் பிடிங்க. 10, 15 விநாடி, முகம் லேசா சூடாகிற வரைக்கும். அப்புறம் விடுங்க. முழுசா தளர்ந்து தொங்கிட வேணாம், பழைய நிலைக்கு வந்தா போதும். 20, 30 விநாடி கழிச்சு திரும்ப. இப்படி 5 தடவை. வீட்லயே ஒரு வாரம் தினமும் பண்ணிட்டு, அதுக்கப்புறம் ஊசி போடற படம், காயத்துக்குக் கட்டு போடற வீடியோன்னு படிப்படியா பார்த்துக்கிட்டே பண்ணுங்க. தசை இறுகும்போது பிபி ஏறும், அந்த இறக்கத்தை அது தாங்கிப் பிடிக்கும்.

வார்டுல நிக்கும்போது முட்டியைப் பின்னாடி தள்ளிப் பூட்டின மாதிரி விறைப்பா நிக்காதீங்க. கால்ல ரத்தம் தேங்கும். வெறும் வயித்தோட போகாதீங்க. கொட்டாவி வருது, குப்புன்னு வேர்க்குது, காது அடைக்குதுன்னா அது முன்னறிவிப்பு. அப்ப கௌரவம் பார்க்காம, ட்ரேயை விட்டு ரெண்டு அடி பின்னாடி வந்து, சுவத்தோரமா தரையில உட்கார்ந்துடுங்க. முடிஞ்சா படுத்துக் காலைத் தூக்கி வெச்சுக்குங்க. "தலை சுத்துது, உட்கார்றேன்"னு சொன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. கிருமி நீக்கி வெச்சிருக்கிற ஸ்டெரைல் ட்ரே மேல விழுந்தாத்தான் பிரச்சினை.

அடுத்து கணக்கு. நர்சிங்குக்கு வேண்டிய கணக்கு பெருக்கல், வகுத்தல், பின்னம், அவ்வளவுதான். ஆனா தப்பே வரக்கூடாத கணக்கு. அதனால கணக்குல கெட்டிக்காரங்களை விட, கொஞ்சம் பயந்து ரெண்டு தடவை பார்க்கிறவங்கதான் எனக்குப் பிடிச்சவங்க.

ஒரு உதாரணம். மருந்துக் குப்பியில 2 மில்லியில 80 மில்லிகிராம்னு போட்டிருக்கு. டாக்டர் எழுதின ஆர்டர் 60 மில்லிகிராம். வேண்டிய அளவை இருக்கிற அளவால வகுத்து, குப்பியில இருக்கிற மில்லியால பெருக்கணும். 60-ஐ 80-ஆல வகுத்தா 0.75, அதை 2-ஆல பெருக்கினா 1.5 மில்லி. இப்ப இதைத் தலைகீழாப் போட்டா, அதாவது 80-ஐ 60-ஆல வகுத்துட்டா, 2.67 மில்லின்னு வரும். மாணவர்கள் இந்த இடத்துலதான் அடிக்கடி வழுக்கறாங்க. இதைப் பிடிக்க ஃபார்முலா தேவையில்லை. கணக்குப் போடறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேளுங்க: "குப்பியில இருக்கிறது முழுசா வேணுமா, குறைச்சலா வேணுமா?" 60 கேக்கறாங்க, 80 இருக்கு. அப்ப விடை 2 மில்லிக்குக் கீழதான் வரணும். 2.67 வந்தா பேனாவைக் கீழ வெச்சுட்டுத் திரும்பப் பாருங்க. ஒரு டோஸுக்கு நாலு மாத்திரை, மூணு குப்பின்னு விடை வந்தாலும் இதே கதைதான். நிறுத்திட்டு இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க.

ட்ரிப் கணக்கு. 500 மில்லி, 4 மணி நேரத்துல போகணும், ட்ரிப் ஏத்தற குழாய் செட்டுல 1 மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல பெருக்கினா 10,000 சொட்டு. 4 மணி நேரம்னா 240 நிமிஷம். வகுத்தா நிமிஷத்துக்கு 41.67, அதாவது 42 சொட்டு. நிமிஷமா மாத்த மறந்துட்டு 4-ஆல வகுத்தா 2,500 சொட்டுன்னு வரும். அது ட்ரிப் இல்ல, குழாய். சொட்டு அளவு எல்லா செட்டுக்கும் ஒண்ணு கிடையாது, கவர் மேல போட்டிருக்கும், படிங்க. சின்னச் சொட்டா விழற மைக்ரோ செட்டுல 1 மில்லிக்கு 60 சொட்டு. மணிக்கு 60 நிமிஷம்ங்கறதால ரெண்டு அறுபதும் அடிபட்டுப் போயிடும். மணிக்கு 50 மில்லின்னா நிமிஷத்துக்கு 50 சொட்டு, கணக்கே போட வேணாம்.

புள்ளி விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. அரை மில்லின்னா 0.5-ன்னு முன்னாடி பூஜ்யம் போட்டு எழுதணும், வெறும் புள்ளி அஞ்சு கூடாது. புள்ளி மங்கினா 5 ஆயிடும். 5-ன்னா 5-தான், 5.0-ன்னு எழுதாதீங்க, 50-ன்னு படிப்பாங்க. "யூனிட்"ங்கறதை முழுசா எழுதுங்க. 'U'-ன்னு ஒத்தை எழுத்தா சுருக்கினா அது பூஜ்யம் மாதிரித் தெரிஞ்சு 10 மடங்கு இன்சுலின் போகும். இன்சுலின்ல இன்னொண்ணும் இருக்கு. 1 மில்லிக்கு 100 யூனிட் குப்பியும் உண்டு, 40 யூனிட் குப்பி புழங்கற இடங்களும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுல 100 குப்பியை எடுத்தா, 10 யூனிட் கோடு வரைக்கும் இழுத்தாலே உள்ள வர்றது 25 யூனிட். குப்பியில இருக்கிற எண்ணும் சிரிஞ்சுல இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு பார்த்துட்டுத்தான் ஊசியைக் குத்தணும்.

சரி, பிபி. "காதுல ஒண்ணுமே கேக்கலை"ன்னு சொன்ன தம்பிக்கு. பெரும்பாலும் காதுல கோளாறு இருக்காது, கோளாறு வேற இடத்துல. ஸ்டெதஸ்கோப்போட காது முனை முன்பக்கமா, மூக்கைப் பார்த்து சாஞ்சிருக்கணும். திருப்பி மாட்டினா காதுத் துளையோட பக்கச் சுவர்ல முட்டும், சத்தம் வராது. ரெண்டு பக்கம் இருக்கிற ஸ்டெதஸ்கோப்னா எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு விரலால லேசா தட்டிப் பாருங்க. அப்புறம் ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு தேடணும். கையை நீட்டச் சொல்லி, முழங்கை மடிப்புல தடவினா நடுவுல கயிறு மாதிரி ஒரு தசைநார் தட்டுப்படும். அதுக்கு உள்பக்கம், சுண்டு விரல் இருக்கிற பக்கமா, விரல் வெச்சு அழுத்தினா துடிப்பு கிடைக்கும். ஸ்டெதஸ்கோப் அங்க. நடு மடிப்புல வெச்சுட்டு கேக்கலைன்னா எப்படிக் கேக்கும்? கஃப், அதாவது கையில சுத்தற காத்துப் பட்டை, அதோட கீழ் ஓரம் மடிப்புக்கு 2, 3 சென்டிமீட்டர் மேல நிக்கணும். ஸ்டெதஸ்கோப்பைக் கஃப்புக்குள்ள சொருகக் கூடாது, உரசற சத்தம்தான் கேக்கும்.

காத்து ஏத்தறதுக்கு முன்னாடி மணிக்கட்டுல பல்ஸைப் பிடிச்சுக்கிட்டு ஏத்துங்க. ஒரு இடத்துல பல்ஸ் காணாமப் போகும். 110-ல போச்சுன்னு வெச்சுக்குங்க. முழுசா காத்தை இறக்கிட்டு, ஒரு நிமிஷம் விட்டு, இப்ப 30 கூட்டி 140 வரைக்கும் ஏத்தினா போதும். எல்லாருக்கும் 200 வரைக்கும் ஏத்தி கையை வலிக்க வைக்க வேணாம். இதுல இன்னொரு லாபம் இருக்கு. சிலருக்கு மேல் சத்தம் கேட்டு, நடுவுல கொஞ்ச தூரம் மௌனமாகி, திரும்பக் கேக்கும். விரலால பார்க்காம குறைச்சலா ஏத்தினா, அந்த ரெண்டாவது சத்தத்தை மேல் பிபின்னு நினைச்சு, 170 இருக்கிறவரை 140-ன்னு எழுதிடுவீங்க. இறக்கும்போது விநாடிக்கு 2, 3 மில்லிமீட்டர். முதல்ல கேக்கிற தட்டல் மேல் எண், சத்தம் முழுசா மறையற இடம் கீழ் எண். முள்ளு ஆடறதைப் பார்த்து எழுதறது பிபி ஆகாது. பாதியில தவற விட்டுட்டோம்னு அங்கிருந்தே திரும்பக் காத்து ஏத்தாதீங்க. கையில ரத்தம் தேங்கி சத்தம் இன்னும் மங்கும். முழுசா இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப.

கஃப் சின்னதா இருந்தா பிபி அதிகமாக் காட்டும். கை தொங்கிக்கிட்டு இதயத்துக்குக் கீழ இருந்தாலும் அதிகமாக் காட்டும். மாடி ஏறி வந்தவரை உடனே பார்க்காதீங்க, 5 நிமிஷம் சாஞ்சு உட்காரட்டும்.

இவ்வளவும் செஞ்சும் கேக்கலையா? "எனக்குக் கேக்கலை, நீங்க ஒரு தடவை பாருங்க"ன்னு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. "இது கூடத் தெரியாதா"ன்னு திட்டு விழலாம், விழட்டும். அந்த எண்ணை நம்பித்தான் டாக்டர் பிபி மாத்திரையை நிறுத்தலாமா, கூட்டலாமான்னு முடிவு எடுக்கறார். மூச்சு எண்ணறதும் அப்படித்தான். கேஸ் ஷீட்டுல எல்லாருக்கும் 18, எல்லாருக்கும் 20-ன்னு இருந்தா யாரும் எண்ணலைன்னு அர்த்தம். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே, நெஞ்சு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. எண்ணறோம்னு சொன்னா மூச்சு மாறிடும். பெரியவங்களுக்கு 12-ல இருந்து 20. ஆளு மோசமாகப் போறார்னா பல நேரம் முதல்ல மாறறது இந்த எண்தான்.

மோசமானா போன்ல எப்படிச் சொல்றது? "சார், பேஷண்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு"ன்னா அந்தப் பக்கம் இருக்கிறவர் என்ன செய்வார்? நிலைமை, பின்னணி, நீங்க கணிச்சது, உங்களுக்கு என்ன வேணும், இந்த வரிசை. "5-ம் படுக்கை, பிபி இறங்குது. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர். காலையில 124-78, பல்ஸ் 84. இப்ப 92-60, பல்ஸ் 118, கடைசி ரெண்டு மணி நேரத்துல சிறுநீர் 30 மில்லிதான். உள்ள ரத்தக் கசிவோன்னு சந்தேகமா இருக்கு. உடனே வந்து பாருங்க." அரை நிமிஷம் கூட ஆகாது. முதல் வருஷத்துல போன் உங்க கையில வராது, பரவாயில்லை. ஸ்டாஃப் நர்ஸ்கிட்ட சொல்லும்போதே இந்த வரிசையில சொல்லிப் பழகுங்க.

படிப்புல, மருந்துப் பேரை ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணாதீங்க, வால் பிடிச்சுப் படிங்க. அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ராப்ரனலால்னு 'லால்'ல முடியற இந்தக் கூட்டம் இதயத் துடிப்பைக் குறைக்கும். அப்ப குடுக்கறதுக்கு முன்னாடி பல்ஸ் பார்க்கணும், 60-க்குக் கீழ இருந்தா குடுக்காம கேக்கணும். எனலாப்ரில், ராமிப்ரில்னு 'ப்ரில்'ல முடியறது பிபி மருந்து, சிலருக்கு வறட்டு இருமல் வரும். நோய், ஆபரேஷன் பேரும் இப்படித்தான் பிரியும்: 'டாக்கி'ன்னா வேகம், 'பிராடி'ன்னா மந்தம், 'ஐட்டிஸ்'னா அழற்சி, 'எக்டமி'ன்னா வெட்டி எடுக்கறது. மஞ்சள் பேனாவால கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிறதை விட, புத்தகத்தை மூடிட்டு ஒரு வெள்ளைத் தாள்ல ஞாபகம் இருக்கிறதை எழுதிப் பாருங்க. எங்க நின்னுச்சோ அங்க திறந்து பாருங்க.

சேரப் போறவங்களுக்கு: கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, வார்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில, எத்தனை மணி நேரம்னு கேளுங்க. கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. அங்க இப்ப படிக்கிற மூணாம் வருஷக்காரங்ககிட்ட பேசுங்க. வார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முடிஞ்சிருக்கணும். வழக்கமா 3 ஊசி, 0, 1, 6 மாசம். சேர்ந்ததும் ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீங்க, ஊசி போடறதுக்குன்னே இருக்கிற டப்பாவுல நேரா போடுங்க. அப்படியும் குத்திடுச்சுன்னா பிதுக்காதீங்க. சோப்புத் தண்ணில நல்லா கழுவிட்டு அப்பவே சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். திட்டுவாங்களேன்னு மறைச்சா அந்த நேரம் போயிடும்.

முதல் நாள் என்ன எடுத்துட்டுப் போகணும்னும் கேட்டிருந்தாங்க. விநாடி முள் இருக்கிற கடிகாரம், கையில கட்டாம சட்டையில குத்திக்கிற மாதிரி, அப்பத்தான் மணிக்கட்டு வரைக்கும் கழுவ முடியும். பேனா ரெண்டு, ஒண்ணை யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க. வழுக்காத, மூடின ஷூ. பாக்கெட்டுல அடங்கற ஒரு நோட்டு. அதுல நோயாளி பேர் எழுதாதீங்க, படுக்கை எண் போதும். ஷிஃப்ட் முடிஞ்சதும் அந்தத் தாளைக் கிழிச்சு வார்டுலயே போட்டுட்டு வாங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வர வேணாம்.