தட்டைச் சுழற்றுவது எது?

[காட்சி: மேசையில் மூடி கழற்றிய ரெக்கோட் பிளேயர். ஜன்னலுக்கு வெளியே மழை.]

வணக்கம். அட்டனில் காலையிலிருந்து மழை. மேசையில் இருப்பது ஒரு பழைய துரை பங்களாவிலிருந்து வந்த பிளேயர். பாட்டு ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 'டொக், டொக்' என்று பல தடவை தட்டுகிறது. காரணம் உள்ளே இருக்கும் இந்த ரப்பர் சில்லு.

முதலில் ஒரு விஷயம். இசைத்தட்டின் பள்ளத்தில் இருக்கும் நெளிவைத்தான் ஊசி பாட்டாக மாற்றுகிறது. மோட்டாரின் நடுக்கமும் ஊசிக்கு நெளிவுதான், அதுவும் ஸ்பீக்கரில் உறுமலாக வந்துவிடும். தட்டு, அதாவது இசைத்தட்டு உட்காரும் வட்டத் தகடு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று பிசகாமல் சுற்ற வேண்டும், ஆனால் சுற்றிவிடும் மோட்டாரின் நடுக்கம் அதைத் தொடக்கூடாது. டேர்ன்டேபிள் செய்தவர்கள் மல்லுக்கட்டியது இதோடுதான்.

[காட்சி: சில்லு, தட்டின் உள்விளிம்பைத் தொடும் இடம்]

சில்லு முறை, சைக்கிள் டைனமோவைத் திருப்பிப் போட்ட மாதிரி. மோட்டார் சில்லைச் சுழற்றும், சில்லு தட்டின் உள்விளிம்பைத் தள்ளும். 1954இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் வந்த கராட் 301 இந்த ரகத்தின் ராஜா. நல்ல இழுவை, சுவிட்சைப் போட்டதும் வேகம் பிடிக்கும். ஆனால் நடுக்கம் சில்லு வழியாக நேரே தட்டுக்கு ஏறும். வருஷக்கணக்கில் அழுத்தியபடியே கிடந்தால் சில்லில் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். நம்ம 'டொக்' அதுதான்.

அடுத்தது பெல்ட். பழைய தேயிலை ஸ்டோரில் மேலே ஓடும் நீளத் தண்டிலிருந்து ஒவ்வொரு ரோதைக்கும் பட்டி இறங்குமே, அதே யோசனை. ரப்பர் பெல்ட் நடுக்கத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் எக்ஸ்ஏ இன்னும் ஒரு படி போனது. தட்டையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். இரண்டும் சேர்ந்தே ஆடினால் ஊசிக்கு ஆட்டமே தெரியாது! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தொரன்ஸ் டிடி 150, லின் எல்பி12 எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஒன்று, பலகைத் தரை போட்ட பங்களாவில் யாராவது தடதடவென்று நடந்தால் ஸ்பிரிங்கும் சேர்ந்து குதிக்கும். சுவரில் ஒரு பலகை அடித்து, பிளேயரை அதன்மேல் வையுங்கள்.

[காட்சி: மின்கம்பி, மலை]

எல்பி12இன் பழைய மோட்டார் கரண்டின் துடிப்போடு சேர்ந்து சுற்றுவது. இங்கே கரண்டின் துடிப்பு வினாடிக்கு 50, அதாவது 50 ஹேர்ட்ஸ். அதில் மோட்டார் நிமிடத்துக்கு 250 சுற்று, கப்பி அதை 33⅓ ஆக இறக்கும். அதாவது இங்கே அதைப் போட்டால், லக்சபானா நீர்மின் நிலையத்தில் சுழலும் டர்பைனோடு உங்கள் பாட்டும் தாளம் பிடிக்கிறது.

மூன்றாவது முறையில் பெல்டும் இல்லை, சில்லும் இல்லை. சீலிங் ஃபேன் மாதிரி (நுவரெலியாக்காரர் சிரிக்க வேண்டாம்), மோட்டாரின் அச்சுதான் தட்டின் அச்சு. 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோட்டாரே மெதுவாகச் சுற்றுவதால் நடுக்கம் குறைவு. 1972இல் எஸ்எல்-1200, 1979இல் அதன் எம்கே2. எம்கே2இல் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது குவார்ட்ஸ் படிகம், லக்சபானாவை நம்பி இருக்கவில்லை. டீஜேக்கள் கையால் பின்னுக்கு இழுத்தும் விட்ட உடனே ஓடியது. 2010இல் நிறுத்தினார்கள், 2016இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள்.

சரி, பழையது வாங்கப் போகிறீர்களா? பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெல்ட் பிளேயரில் 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், ட்ரான்ஸ்போமர் போட்டும் பயனில்லை. அது வோல்டேஜைத்தான் மாற்றும், துடிப்பை மாற்றாது. 33⅓ இங்கே ஏறக்குறைய 27.8 ஆகிவிடும், பாட்டு தூக்கக் கலக்கத்தில் இழுக்கும். 50க்கான கப்பி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

[காட்சி: புதுச் சில்லு போட்ட பிளேயர். ஊசி இறங்குகிறது.]