ஃபிரேம் ஃபிரேமாக ஒரு முகம்

நண்பர்களே, வணக்கம். முதலில் ஒரு சின்ன வேலை. போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் எல்லோரும் ஒருமுறை சிரியுங்கள். சரி, உதட்டோரம் மேலே போனது. கண்ணைச் சுற்றி ஏதாவது நடந்ததா? பலருக்கு ஒன்றும் நடந்திருக்காது.

டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தவர். 1862-இல் அவர் வெளியிட்ட நூலில், உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றிய தசையோ மனம் மகிழ்ந்தால்தான் அசையும் என்று எழுதினார். கொஞ்சம் மிகைதான். கண்ணையும் சேர்த்து நடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. ஆனால் அடிப்படை விஷயம் நிற்கிறது. பக்கவாதம் வந்த சிலரைச் சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். அவர்களிடமே ஒரு ஜோக் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் மலரும். வேண்டுமென்று சிரிப்பதற்கும் தன்னால் வரும் சிரிப்புக்கும் மூளையில் வழிகள் வேறு. ஒரு வழியை அடக்கிப் பிடித்திருக்கும்போது இன்னொரு வழியில் ஏதோ கசிகிறது.

அந்தக் கசிவைத்தான் நுண்முகபாவம் என்கிறோம். அரை நொடிகூட நிற்காது. 1966-இல் ஹாகார்ட், ஐசக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மனநல சிகிச்சைப் படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்து இதைப் பதிவு செய்தார்கள். பிறகு பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு நோயாளியின் பேட்டிப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மேரி என்று பெயர் வைத்தார்கள். மனச்சோர்வு தீர்ந்துவிட்டது, வார இறுதிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள் என்று புன்னகையோடு கேட்கிறார் மேரி. எதிர்காலத் திட்டம் என்ன என்று மருத்துவர் கேட்டதும் ஒரு சின்னத் தயக்கம். அந்த இடத்தில் இரண்டே ஃபிரேம்களில் கடும் வேதனை தெரிந்தது. உடனே புன்னகை வந்து மூடிக்கொண்டது.

1978-இல் இருவரும் முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். உதட்டோரம் உயர்ந்தால் 12, கன்னம் உயர்ந்தால் 6. அருமையான கருவி. ஆனால் அது அசைவைத்தான் எழுதுகிறது, காரணத்தை அல்ல. பயம் தெரிகிறது என்றால் பயம் தெரிகிறது, அவ்வளவுதான். மாட்டிக்கொள்வோமோ என்ற பயமா, உண்மையைச் சொல்லியும் நம்ப மாட்டார்களோ என்ற பயமா? ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒத்தெல்லோ மனைவியின் பயத்தைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வான். அதை வைத்து இந்தக் குழப்பத்துக்கு ‘ஒத்தெல்லோ பிழை’ என்று பெயர் வைத்து எச்சரித்ததே எக்மன்தான்.

அப்புறம், கசிவு அடிக்கடி வருகிறதா என்றால் அதுவும் இல்லை. 2008-இல் போர்ட்டர், டென் பிரிங்கே என்ற ஆய்வாளர்கள் 697 முகபாவங்களை ஃபிரேம் ஃபிரேமாக அலசியபோது கிடைத்தவை 14. அவற்றில் சில, எதையும் மறைக்காதபோது வந்தவை! வெறும் கண்ணால் பார்த்தும் கேட்டும் பொய்யைக் கண்டுபிடிப்பதில் நம் வெற்றி சராசரியாக 54 சதவீதம் என்கிறது 2006-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு. காசு சுண்டினாலே 50 வரும்.

இருந்தும் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் கவனிக்க ஒரு திட்டம் போட்டார்கள். 2007-இலிருந்து சுமார் 90 கோடி டாலர் செலவு. பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2013-இல் அரசின் தணிக்கை அமைப்பே சொல்லிவிட்டது. இப்போது கேமராவும் மென்பொருளும் அந்த வேலைக்கு வருகின்றன. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டுவிட்டது. எனக்கு அது சரியாகவே படுகிறது. மேலதிகாரிக்கு என் சம்பள ரசீது தெரிந்தால் போதும், என் புருவம் எதற்கு?

மேரி கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். பேட்டியின்போது அந்த இரண்டு ஃபிரேம்களை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் முன், தான் பொய் சொன்னதாக மேரியே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான் படத்தை எடுத்துத் தேடினார்கள்.