குளத்துக்கு யார் காவல்?

அண்ணாச்சிமார்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களே, வணக்கம்.

"இயற்கையைக் காப்போம்" என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு மணி நேரம் பேசினாலும் யாருக்கும் கோபம் வராது, ஒரு குளமும் பெருகாது. அதனால் நம் பக்கத்து ஊர் இரண்டைப் பற்றிச் சொல்லி, உங்களுக்கு ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

முதலில் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியதாக 2022-ல் அறிவிப்பு வந்தது. ஆனால் அரசாணை வருவதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்ட ஊர் அது. தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்துக் கருவேல மரங்களோடு நிறுத்திக்கொள்வதில்லை, வீட்டுப் புறவாசல் மரத்திலும் கூடு கட்டும். கீழே எச்சம், மீன் நாற்றம். நம் வீடாக இருந்தால் மரம் வெட்ட ஆள் தேடியிருப்போம். அவர்களுக்கோ எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். பாசத்தோடு கணக்கும் இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது. வெறும் பாசத்தை நம்பிக் குளத்தை ஒப்படைக்க முடியாது.

அடுத்து, தாமிரபரணியோடு கடனாநதி சேருகிற திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் பழந்தின்னி வௌவாலும் குடியிருக்கின்றன. வனவிலங்குச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம் புதிய வகைக் காப்பிடம் ஒன்றுக்கு வழி செய்தது. அதை நிர்வகிக்கும் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக 2005-ல் அறிவிக்கப்பட்டது இந்தச் சின்ன இடம்தான்.

இடையில் ஒன்று. பரிகாரம் என்று தாமிரபரணிக் கரைப் பாபநாசத்தில் உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறோம். பாவம் போகிறதோ என்னவோ, துணி போகவில்லை. பாறை இடுக்கில் அப்படியே கிடக்கிறது. சரி, வேலைக்கு வருகிறேன்.

2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுகிறவர்கள் தன்னார்வலர்கள், உங்களைப் போன்ற மாணவர்கள். உங்கள் ஊர்க் குளத்துப் பறவைகளையும் எண்ணுங்கள். அடுத்த வருஷமும் அதே குளத்தில் எண்ணுங்கள். எண்ணிக்கை சரிந்தால் காரணம் தேடுங்கள். நம் குளங்கள் ஒன்றின் மறுகால், அதாவது நிரம்பி வழிகிற தண்ணீர், அடுத்ததை நிரப்பும்படி அமைந்தவை. மேல்குளத்துக் கால்வாயை ஒருவர் மறித்தால் கீழ்க்குளம் காயும், பறவை வராது, வயலுக்கும் தண்ணீர் வராது. பறவைக்காக மனு கொடுத்தால் சிரிக்கிறவர்கள்கூட, "இந்த மடை உடைந்திருக்கிறது, இந்தக் கால்வாய் தூர்ந்திருக்கிறது" என்று எண்ணிக்கையோடு போனால் உட்கார்ந்து கேட்பார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. ஜனவரியில் எண்ணியதை அங்கே வையுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.

பைனாகுலர் இல்லையே என்று ஒரு தம்பி கேட்கிறார். நாமக்கோழியையும் நாரையையும் எண்ண வெறும் கண் போதும். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கிற இடத்தை அளவாக வைத்து மற்றதைக் கணக்கிடலாம். சின்னச் சின்ன உள்ளான்களுக்குத்தான் பைனாகுலர் வேண்டும். அதற்கு முதல் வருஷம் பழகினவர்களோடு போங்கள்.