மூளை அலையால் எழுதுவது எப்படி? பி300 ஸ்பெல்லர் – ஒரு விளக்கம்

[திரையில்: கறுப்புப் பின்னணி. 6 வரிசை, 6 நெடுவரிசை. கட்டத்துக்கு ஓர் எழுத்து.]

இந்த 36 கட்டங்களில் ஏதாவது ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருங்கள். வரிசைகளும் நெடுவரிசைகளும் ஒவ்வொன்றாக, தாறுமாறாகப் பளிச்சிடும். உங்கள் எழுத்து ஒளிரும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

பி300 ஸ்பெல்லர் என்ற இந்த எழுதும் கருவியை "மனதைப் படிக்கும் கருவி" என்று செய்திகளில் எழுதுவார்கள். அது மிகை. நீங்கள் எந்த எழுத்தை நினைத்தீர்கள் என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. அது ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது: இப்போது மின்னியது நீங்கள் காத்திருந்ததா, இல்லையா?

காத்திருந்தது மின்னினால், சுமார் 300 மில்லிநொடி கழித்து மூளை அலையில் ஒரு சின்ன மேடு எழும். அதன் பெயர் பி300. மேட்டை எழுப்பிய வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் கட்டம்தான் உங்கள் எழுத்து. கை கால் அசையாத, பேச முடியாத ஒருவர் இதை வைத்தே எழுதலாம் என்ற யோசனையை 1988-இல் ஃபார்வெல், டான்சின் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்.

[திரையில்: மின்முனைகள் பதித்த தொப்பி. கீழே நெளியும் அலைகள். ஒரு கண் சிமிட்டல். அலை தாவிக் குதிக்கிறது.]

சிக்கல் என்னவென்றால், அந்த மேடு சில மைக்ரோவோல்ட்தான் (ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட்). ஒரு கண் சிமிட்டல் அதைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு முறை பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் மறுபடி மறுபடி மின்ன வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். 16 முறை எடுத்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். மேடு மட்டும் அப்படியே நிற்கும்.

சரி, இதில் இயந்திரக் கற்றலுக்கு, அதாவது தரவிலிருந்து தானே கற்கும் கணினி நிரலுக்கு (மாடல்), என்ன வேலை? மேட்டின் வடிவமும் அது எழும் நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே முதலில் ஒரு பயிற்சிச் சுற்று. கொடுத்த சொல்லைப் பயன்படுத்துபவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கிறார். எது சரியான மின்னல் என்பது நமக்கு முன்பே தெரியும். 8 மின்முனை, ஒவ்வொன்றிலும் 16 அளவீடு என்று வைத்துக்கொண்டால், ஒரு மின்னலுக்கு 128 எண்கள். எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை மாடல் கற்றுக்கொள்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு சுற்றில் 6 வரிசையும் 6 நெடுவரிசையும் ஒவ்வொரு முறை மின்னும்; ஆக 12 மின்னல். அதில் உங்கள் எழுத்து இருப்பவை இரண்டுதான். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லும் மாடலுக்கும் 83 சதவீத மதிப்பெண் கிடைத்துவிடும், ஓர் எழுத்தைக்கூட எழுதாமலே! ஆகவே அந்த மதிப்பெண்ணை நம்பாமல், எழுத்து சரியாக வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

மாடல் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒருவரிடமிருந்து சில நிமிடத் தரவுதான் கிடைக்கும். எல்டிஏ என்ற பழைய நேர்கோட்டு முறையே (எண்களுக்கு எடை போட்டுக் கூட்டி, ஆம், இல்லை என்று இரண்டாகப் பிரிப்பது) இன்றும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆழ் வலையமைப்புகள் என்ற பல அடுக்கு கொண்ட பெரிய மாடல்களை இறக்குவதற்கு முன் இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

[திரையில்: பேக்ஸ்பேஸ் கட்டம் மின்னுகிறது.]

தவறு நேர்ந்தால்? அழிப்பதற்கும் அதே மின்னல், அதே காத்திருப்பு. நூற்றுக்கு 90 சரியாக வந்தால், 10 எழுத்து எழுதச் சுமார் 12 அல்லது 13 தேர்வுகள் போதும். 80 ஆகக் குறைந்தால் 17 ஆகிவிடும். 50-க்கு வந்துவிட்டால் எழுதுவதும் அழிப்பதுமாக நின்ற இடத்திலேயே நிற்பார்.

அதனால் நல்ல ஸ்பெல்லர் எண்ணிக்கை பார்த்து நிறுத்தாது. போதுமான உறுதி வந்ததும் நிறுத்தும். தெளிவான எழுத்துக்கு மூன்று சுற்று, குழப்பமானதற்குப் பத்து. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று மொழி மாதிரியும் கைகொடுக்கும். ஆனால் அதற்கு அதிக அதிகாரம் கொடுத்தால், அவர் தன் மகளின் பெயரை எழுத முயலும்போது அது வேறேதோ பொதுச்சொல்லை எழுதி வைக்கும். கடிவாளம் வேண்டும்.

வேகம்? தொப்பி வைத்த பி300 முறையில் நிமிடத்துக்குச் சில எழுத்துகள்தான். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், மூளைக்குள் மின்முனை பதித்த ஒருவர் பேனா பிடித்து எழுதுவதாகக் கற்பனை செய்தே நிமிடத்துக்கு 90 எழுத்து எழுதினார். அதற்கு மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். தொப்பிக்கு அது தேவையில்லை. ஆனால் பார்வையை ஓரிடத்தில் நிறுத்த முடியாதவர்களுக்குக் கட்டங்கள் சரிவராது. அவர்களுக்காக மின்னலுக்குப் பதில் ஒலியை வைத்துப் பார்க்கிறார்கள். கேள்வி அதேதான், காது வழியாக.