போர்க்கால உதவி: யார் கணக்குப் பார்ப்பது?

வணக்கம் நேயர்களே.

2014ஆம் ஆண்டு, காபூல் விமான நிலையத்தில் 16 சரக்கு விமானங்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பவுண்டுக்கு 6 சென்ட் விலை. ஆப்கானிஸ்தான் விமானப்படைக்காக அமெரிக்கா வாங்கிக்கொடுத்த ஜி-222 ரக விமானங்கள் அவை. மொத்தம் 20 வாங்கினார்கள். திட்டச் செலவு ஏறக்குறைய 55 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்காமல், பராமரிக்க வழியில்லாமல், பெரும்பாலான நாட்கள் தரையிலேயே நின்ற விமானங்கள். இந்தத் திட்டத்தில் முக்கியப் பொறுப்பு வகித்த அமெரிக்க விமானப்படைத் தளபதி ஒருவர், ஓய்வுபெற்ற பிறகு விமானங்களை விற்ற நிறுவனத்துக்காகவே வேலை பார்த்தார் என்று அமெரிக்க அரசின் ஆய்வாளரே பின்னர் எழுதினார். யார் மீதும் வழக்கு இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர் நடக்கும் நாட்டுக்குப் போகும் உதவிப் பணம் களவு போகிறது என்றால் நம் மனக்கண்ணில் வருவது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். பெட்டி நிறையப் பணத்தோடு வெளிநாட்டுக்குப் பறக்கும் உள்ளூர் அமைச்சர். அப்படிப்பட்டவர்கள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் கொடுத்த கைகள் சுத்தம், வாங்கிய கைகள்தான் அழுக்கு என்று நினைத்தால் விஷயத்தின் பாதிகூடப் புரியாது. போர்க்கால உதவியில் நடக்கும் ஊழலின் பெரும்பகுதி கொடுப்பவருக்குத் தெரிந்தே நடக்கிறது. அன்றைய தேதியில் அந்த ஊழல் அவருக்குத் தேவைப்படுகிறது. தேவை தீர்ந்த பிறகுதான் அதற்கு ஊழல் என்ற பெயரே சூட்டப்படுகிறது.

ஆப்கானிஸ்தானில் இது எப்படி நடந்தது என்று சற்று விரிவாகப் பார்ப்போம். அங்கே ஏராளமான ஆவணங்கள் வெளியே வந்திருக்கின்றன. 2002 முதல் 20 ஆண்டுகளில் மறுகட்டமைப்புக்கு மட்டும் அமெரிக்கா ஒதுக்கிய பணம் 14,500 கோடி டாலருக்கு மேல். அதைக் கண்காணிக்கத் தனியாக ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2008இல்தான் அமைந்தது. பணம் போகத் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து!

அங்கிருந்த அமெரிக்கப் படைமுகாம்களுக்கு உணவு, எரிபொருள், வெடிபொருள் எல்லாம் லாரிகளில் போயாக வேண்டும். அந்தச் சாலைகளில் காவலுக்குத் தன் சிப்பாய்களை அனுப்ப அமெரிக்க ராணுவம் விரும்பவில்லை. எனவே 216 கோடி டாலருக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டு, பாதுகாப்பையும் ஒப்பந்தக்காரர் தலையில் கட்டியது. ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? சாலையை ஆயுதத்தோடு கையில் வைத்திருப்பவனுக்குப் பணம் கொடுப்பார். லாரிகளைத் தாக்காமலிருக்க அவன் இன்னொருவனுக்குக் கொடுப்பான். 2010 ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அந்தப் பணம் உள்ளூர்ப் படைத்தலைவர்களை வளர்த்துவிட்டது, ஒரு பகுதி தாலிபான் கைக்கும் போயிருக்கக்கூடும் என்றது. ஒப்பந்தக்காரர்கள் இதை ராணுவ அதிகாரிகளிடம் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தார்கள். லாரி போய்ச் சேர வேண்டும் என்பதே அன்றைக்கு எல்லோருக்கும் முக்கியமாக இருந்தது. போரின் எதிர்த்தரப்புக்கும் போரின் செலவுக் கணக்கிலிருந்தே பங்கு போகக்கூடிய நிலை.

அதே 2010இல் காபூலில் அதிபர் அலுவலகத்தைச் சேர்ந்த மூத்த அதிகாரி ஒருவரை, ஒரு விசாரணையைத் தடுக்க லஞ்சம் கேட்டார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்தார்கள். கைது செய்தது, அமெரிக்காவே பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஊழல் தடுப்புப் பிரிவு. அதிபர் ஹமீத் கர்சாய் தலையிட்டார். சில மணி நேரத்தில் கைதானவர் வெளியே வந்துவிட்டார். அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: அந்த அதிகாரி அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவிடம் சம்பளம் வாங்குபவர். ஒரே அரசாங்கத்தின் ஒரு துறை ஊழலை ஒழிக்கப் பணம் செலவழிக்க, இன்னொரு துறை அதே ஆளை வைத்துக்கொள்ளப் பணம் செலவழித்திருக்கிறது. 2013இல் இன்னும் பெரிய செய்தி வந்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக சிஐஏ, பைகளில் ரொக்கமாகவே அதிபர் அலுவலகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் கொடுத்துவந்தது என்று. கர்சாய் அதை மறுக்கவில்லை. பணம் வந்தது உண்மைதான் என்றார்.

தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று சொல்வார்கள். இங்கே நடந்தது அது அல்ல. தேன்கூட்டையே விலையாகக் கொடுத்து ஆட்களை வாங்கினார்கள். அந்த விலையை அடைத்தவர் யார் என்பதற்குக் காபூல் வங்கியைப் பார்த்தால் போதும். ஆசிரியர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் சம்பளம் போட்ட வங்கி அது. உதவி நாடுகள் தந்த சம்பளப் பணம் அதன் வழியாகவே போனது. 2010இல் அது கவிழ்ந்தபோது 90 கோடி டாலர் அளவுக்குப் பொய்க்கடனாக வெளியேறியிருந்தது தெரியவந்தது. அந்த வங்கியின் பங்குதாரர்களில் அதிபரின் சகோதரரும் ஒருவர்.

இப்போது படைமுகாமில் இருக்கும் சாதாரணச் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். பட்டியலில் அவனோடு நூறு பேர் இருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அதில் ஒரு பகுதிதான். மீதிப் பேர் வெறும் பெயர்கள். அவர்களின் சம்பளம் மேலதிகாரியின் பைக்குப் போகிறது. ஈராக்கில் 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகள் கையில் சில நாட்களில் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: சம்பளப் பட்டியலில் 50,000 பொய்ச் சிப்பாய்கள் இருக்கிறார்கள். காபூல் 2021 ஆகஸ்டில் விழுந்த பிறகு, ஆப்கானிஸ்தானின் நிதியமைச்சராக இருந்தவரும் ஏறக்குறைய இதையே சொன்னார். காகிதத்தில் இருந்த மூன்று லட்சம் பேரில் பெரும்பாலோர் களத்தில் இல்லை என்றார். ஆளில்லாத காவல் அரணில் உண்மையாகவே நின்றவர்கள் செத்தார்கள். என்னைப் பொறுத்தவரை போர்க்கால ஊழலை வெறும் பண விவகாரமாகப் பேசுவது அந்தப் பையன்களுக்குச் செய்யும் அநியாயம்.

இது இந்த நூற்றாண்டில் பிறந்த பழக்கம் இல்லை. 1978இல் சர்வதேச நாணய நிதியம், எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மன் வங்கியாளரை அன்றைய ஜயர் நாட்டின், அதாவது இன்றைய காங்கோவின், மத்திய வங்கிக்கு அனுப்பியது. அதிபர் மொபுட்டுவின் ஆட்சி பணத்தை எப்படி விழுங்குகிறது என்று உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். கடன் கொடுத்தவர்களுக்குத் தங்கள் பணம் திரும்பி வரும் வாய்ப்பே இல்லை என்று 1982இல் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பக்கத்து நாடான அங்கோலாவில் உள்நாட்டுப் போர். அமெரிக்கா ஆதரித்த யுனிட்டா படைக்கு உதவி போகும் வழி ஜயர். பனிப்போர் முடிந்தது, அங்கோலாவில் அக்கறை குறைந்தது. அதன் பிறகே மொபுட்டுவின் ஊழல் வாஷிங்டன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியத் தொடங்கியது.

ஆயுதமும் ரொக்கமும் இருக்கட்டும், சோறும் மருந்தும் இதற்கு விலக்கா என்று நீங்கள் கேட்கலாம். விலக்கு இல்லை. 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு எல்லை தாண்டி ஜயரின் கோமா நகரில் அமைந்த அகதி முகாம்களில் உணவுப் பங்கீட்டைக் கையில் வைத்திருந்தவர்கள், அந்தக் கொலைகளை நடத்தியவர்களே. தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்லி, மிஞ்சியதைத் தங்கள் படைக்குத் திருப்பினார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த நவம்பரில் வெளியேறியது. வேறு பல அமைப்புகள், குழந்தைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தங்கிவிட்டன. இரு தரப்பையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

சிரியாவில் இன்னும் நுட்பமாக நடந்தது. ஐ.நா. அமைப்புகள் நிவாரணத்துக்குக் கொண்டுவந்த டாலரை அரசு நிர்ணயித்த விலையில்தான் மாற்ற வேண்டியிருந்தது. சந்தையில் டாலரின் மதிப்பு அதைவிட மிக அதிகம். 2020இல் அப்படி மாற்றிய ஒவ்வொரு டாலரிலும் ஏறக்குறைய பாதி, சரியாகச் சொன்னால் 51 சென்ட், அசாத் அரசின் மத்திய வங்கிப் பக்கம் போய்விட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மேற்கு நாடுகள் தடை விதித்திருந்த அதே வங்கி. இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. எல்லாக் கணக்கும் ரசீதோடு சரியாக இருக்கும்.

அப்படியானால் களவு தெரிந்ததும் உதவியை நிறுத்திவிடலாமா? 2023இல் எத்தியோப்பியாவில் அதைச் செய்து பார்த்தார்கள். டிக்ரே போர் ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உணவு தானியம் பெரிய அளவில் திசைமாறி ராணுவப் பிரிவுகளுக்குப் போகிறது என்று அமெரிக்க உதவி நிறுவனம் கண்டது. உலக உணவுத் திட்டமும் அதுவுமாக, முதலில் டிக்ரேயிலும் ஜூனில் நாடு முழுவதும் உணவு வழங்கலை நிறுத்தின. சுமார் இரண்டு கோடிப் பேர் அந்த உணவை நம்பியிருந்தார்கள். திருடியவர்கள் பட்டினி கிடக்கவில்லை. டிக்ரேயில் பட்டினிச் சாவுகள் பதிவாகின. முழு அளவில் மறுபடி தொடங்க அந்த ஆண்டின் கடைசி மாதங்கள் ஆயின. அதற்கு முன்பும் பின்பும் எத்தியோப்பிய அரசோடு மேற்கு நாடுகளின் பேச்சுவார்த்தைகள் தொடர்ந்தன. தட்டு மட்டும் காலியானது.

உக்ரைனைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே ஊழல் நிஜமானது. ஊழல் என்ற குற்றச்சாட்டு அரசியல் ஆயுதமாகவும் பயன்பட்டது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2019 மே மாதம், உக்ரைன் ஊழலைக் குறைக்கப் போதிய நடவடிக்கை எடுத்திருக்கிறது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எழுத்துபூர்வமாகச் சான்று கொடுத்தது. அடுத்த சில வாரங்களில் 39.1 கோடி டாலர் பாதுகாப்பு உதவியை வெள்ளை மாளிகை நிறுத்திவைத்தது. ஜூலை 25ஆம் தேதி டிரம்ப், ஸெலென்ஸ்கியிடம் தொலைபேசியில் கேட்டது, தன் அரசியல் போட்டியாளர் பைடன் தொடர்பான விசாரணை. ஊழல் பற்றிய கவலையால்தான் நிறுத்தினோம் என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். பாதுகாப்புத் துறைப் பணத்தை அப்படி நிறுத்தியது சட்டமீறல் என்று 2020 ஜனவரியில் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே முடிவு சொன்னது.

முழுப் போர் வந்த பிறகு, 2023 ஜனவரியில் யூரி நிகோலோவ் என்ற உக்ரைன் பத்திரிகையாளர் ஒரு செய்தி வெளியிட்டார். ராணுவத்துக்கு வாங்கிய முட்டை ஒன்றின் விலை, உக்ரைன் நாணயத்தில் 17 ஹிரிவ்னியா. கீவ் கடைகளில் அப்போது அதன் விலை 7 அளவில். பாதுகாப்புத் துணையமைச்சர் பதவி விலகினார். அமைச்சர் ரெஸ்னிகோவும் அந்த செப்டம்பரில் மாற்றப்பட்டார். மறு ஆண்டு சில ஆட்கள் நிகோலோவின் வீட்டுக் கதவைத் தட்டி, துரோகி என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். போர் நேரத்தில் கணக்குக் கேட்பவன் எதிரிக்குத் துணைபோகிறான் என்ற பேச்சு எல்லா நாட்டிலும் எழுகிறது. அந்தப் பேச்சால் லாபம் அடைபவன் சிப்பாய் அல்ல, முட்டைக்கு 17 போட்டவன்.

2025 ஜூலை 22 அன்று உக்ரைன் நாடாளுமன்றம், நாபு என்னும் ஊழல் தடுப்புப் பணியகத்தையும் ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு வழக்குத் துறையையும் அரசுத் தலைமை வழக்கறிஞரின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டத்தை நிறைவேற்றியது. ஸெலென்ஸ்கி அன்றே கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே இளைஞர்கள் அட்டைகளில் எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், குண்டு விழும் நகரங்களில். ஐரோப்பிய ஒன்றியமும் நெருக்கியது. 31ஆம் தேதி பழைய அதிகாரம் திரும்பக் கிடைத்தது. நவம்பரில் அதே பணியகம், அரசு அணுமின் நிறுவனத்தின் ஒப்பந்தங்களில் சுமார் 10 கோடி டாலர் அளவுக்குக் கமிஷன் வசூல் நடந்ததாக வழக்குப் போட்டது. இரண்டு அமைச்சர்கள் போனார்கள். அதிபர் அலுவலகத் தலைவர் எர்மாக் பதவி விலகினார். அந்தப் பணியகம் ஜூலையில் முடக்கப்பட்டிருந்தால் நவம்பரில் இந்த வழக்கு வந்திருக்குமா?

கொடுக்கும் பக்கத்திலும் அப்படிப்பட்ட ஆட்கள் தேவை. அங்கே நடப்பது வேறு. 2025 பிப்ரவரியில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர் ஓர் அறிக்கை கொடுத்தார்: ஊழியர்களை ஒரேயடியாக வெளியேற்றியதால் 820 கோடி டாலர் நிவாரணத்தைக் கண்காணிக்க முடியாத நிலை. மறுநாள் அவரையே பதவிநீக்கம் செய்தார்கள். உதவியில் வீணும் மோசடியும் மலிந்துவிட்டன என்று சொல்லியே அந்த நிறுவனத்தைக் கலைத்தார்கள். மோசடியைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவருக்கு அதில் இடமில்லை.

செய்ய முடியாதது எதுவும் இல்லை. 2009இல் ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்தில் சில போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தைக் கைபேசி வழியாக நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். தங்களுக்குச் சம்பள உயர்வு வந்துவிட்டதாகவே அவர்கள் நினைத்தார்கள். அதுவரை மேலதிகாரி எடுத்துக்கொண்டது போக மீதியைத்தான் சம்பளம் என்று வாங்கியிருந்தார்கள். அந்த முறை நாடு முழுவதும் விரிவாகவில்லை. 2009இலேயே அதை எல்லாப் படைப்பிரிவுக்கும் கொண்டுபோயிருந்தால், மேலதிகாரிகள் முரண்டு பிடித்திருப்பார்கள். சிலர் பிரிந்தும் போயிருப்பார்கள். அந்த மேலதிகாரிகளின் துணை போருக்குத் தேவை என்று அன்று முடிவெடுத்தவர்களுக்கு, பட்டியலில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்பது 2021 ஆகஸ்டில் தெரிந்தது.

நன்றி நேயர்களே, வணக்கம்.